ஒரு வாரக் கூலியில் ஒரு மாதத் தவணை

கேள்வியை முதலில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். "இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் ஒரு சாதாரண ஆலைத் தொழிலாளி, மனைவி வேலைக்குப் போகாமலே, ஒற்றைச் சம்பளத்தில் சொந்த வீடு, கார், நாலு பிள்ளைகள் என்று வாழ்ந்தாராம். உண்மையா? உண்மை என்றால் எப்படி முடிந்தது? இன்று அங்கே ஏன் முடியவில்லை?"

உண்மைதான், கணக்குப் போட்டே காட்டலாம். ஆனால் அது தானாக வந்த செழிப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். "ஐரோப்பாவும் ஜப்பானும் போரில் நாசமாகிவிட்டன, அமெரிக்க ஆலைகள் மட்டும் தப்பின, அதனால் பணம் கொட்டியது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். போர் முடிந்தபோது உலகின் ஆலை உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி அமெரிக்காவில் நடந்தது என்பது சரி. ஆனால் நாட்டுக்குள் பணம் வருவது வேறு, அது தொழிலாளி வீட்டு வாசல் வரை வருவது வேறு. வாசல் வரை அதைக் கொண்டுவந்தவை இரண்டு: சங்கம் சண்டை போட்டு வாங்கிய கூலி, அரசு ஜாமீன் நின்ற கடன். சில வாசல்களில் நிற்காமல் அது தாண்டிப் போனதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்ளேயே இருக்கிறது.

1959 ஜூலை 24. மாஸ்கோவில் சோகோல்னிகி பூங்காவில் அமெரிக்கப் பொருட்காட்சி. அங்கே ஒரு மாதிரி வீட்டைக் கட்டி, ஜனங்கள் உள்ளே நடந்து பார்க்க வசதியாக நடுவில் பிளந்து வைத்திருந்தார்கள். அதன் சமையலறை முன்னால் நின்றுகொண்டு துணை ஜனாதிபதி நிக்சன் சோவியத் தலைவர் குருஷேவிடம் ஒரு கணக்குச் சொன்னார்: இந்த வீட்டின் விலை 14,000 டாலர். மணிக்கு 3 டாலர் வாங்கும் எங்கள் உருக்காலைத் தொழிலாளி மாதம் சுமார் 100 டாலர் கட்டி, 25, 30 வருடத்தில் இதைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும். கணக்கு சரியானதுதான். வாரம் 40 மணி நேரம் என்றால் 120 டாலர், ஆக ஒரு வாரக் கூலிக்குள் ஒரு மாதத் தவணை அடங்கிவிடும். அதே மூச்சில் நிக்சன் இன்னொன்றையும் சொன்னார்: அந்த உருக்காலைத் தொழிலாளர்கள் இப்போது வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். ஐந்து லட்சம் பேர் ஒன்பது நாளுக்கு முன்னால்தான் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அந்த 3 டாலர் எங்கிருந்து வந்தது என்பதற்கான பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

போர்க்காலத்தில் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தன. கூலி கட்டுக்குள் இருந்தது, முதலாளிகளின் லாபம் ஏறியது. போர் முடிந்ததும் ஓவர்டைம் நின்றது, கைக்கு வரும் பணம் குறைந்தது, விலைக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1945 நவம்பரில் கார்த் தொழிலாளர் சங்கத்தின் வால்டர் ரூதர் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். 30 சதவீதக் கூலி உயர்வு வேண்டும், ஆனால் கார் விலையை ஏற்றக் கூடாது, முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள் என்பது கோரிக்கை. 113 நாள் நடந்தது. கணக்குப் புத்தகம் கடைசிவரை திறக்கப்படவில்லை, 30 சதவீதமும் கிடைக்கவில்லை. 1946-ல் மட்டும் நாடு முழுக்க சுமார் 46 லட்சம் பேர் ஏதாவது ஒரு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதற்குப் பதிலடியாக, சங்கங்களின் கையைக் கட்டும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் 1947-ல் வந்தது.

ஆனாலும் இரண்டு பக்கமும் ஒன்றைப் புரிந்துகொண்டன. ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஆலை நிற்காமல் ஓட வேண்டும், தொழிலாளிக்கு அடுத்த வருடம் என்ன வரும் என்று தெரிய வேண்டும். 1948 ஒப்பந்தத்தில் பஞ்சப்படி வந்தது. விலைவாசிக் குறியீடு ஏறினால் கூலியும் ஏறும். நம் ஊர் மில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1950-ல் ஐந்து வருட ஒப்பந்தம்: பஞ்சப்படி, உற்பத்தித் திறன் வளர்வதற்கு ஏற்ப வருடா வருடம் உயர்வு, மாதம் 125 டாலர் பென்ஷன், மருத்துவக் காப்பீட்டில் பாதியைக் கம்பெனியே கட்டும். பதிலுக்கு, என்ன தயாரிப்பது, என்ன விலை வைப்பது, ஆலையை எங்கே கட்டுவது என்பதெல்லாம் நிர்வாகத்தின் உரிமை என்று சங்கம் விட்டுக்கொடுத்தது. டெட்ராய்ட் உடன்படிக்கை என்று இதற்குப் பெயரே விழுந்துவிட்டது. மற்ற கார் கம்பெனிகளும், உருக்கு, ரப்பர் ஆலைகளும் இதையொட்டியே பேசி முடித்தன. சங்கம் இல்லாத கம்பெனிகள்கூட, உள்ளே சங்கம் வந்துவிடாமல் இருக்க, கிட்டத்தட்ட அதே கூலியைக் கொடுத்தன. 1950-களின் நடுவில் கூலி வேலை செய்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார்.

விட்டுக்கொடுத்த அந்த உரிமையை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்புறம் வீடு. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு இருக்க இடம் இல்லை. பொருளாதார மந்தமும் போருமாகப் பதினைந்து வருடம் வீடு கட்டுவதே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. மாமியார் வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் குடித்தனம் நடந்தது. சிகாகோவில் பழைய டிராம் வண்டிகளை வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பனைக்கு விட்டார்கள்.

1930-களுக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்றால் விலையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் மீதியை மொத்தமாகத் தீர்க்க வேண்டும். சம்பளக்காரர் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 1934-ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடன்களைக் காப்பீடு செய்து தவணையை 20, 25 வருடத்துக்கு நீட்டியது. 1944 ஜூன் 22 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, படைவீரர்களுக்கான ஜி.ஐ. சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்னாள் படைவீரர் வாங்கும் கடனில் ஒரு பகுதிக்கு அரசே ஜாமீன், வட்டி 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அரசு ஜாமீன் நிற்கிறது என்றதும் வங்கிகள் முன்பணமே கேட்காமல் கொடுத்தன.

அதே சட்டம் படிப்புச் செலவாக வருடம் 500 டாலர் வரை கொடுத்தது. அன்றைக்குப் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணமே அதற்குள் அடங்கும். 1947-ல் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். மொத்தம் சுமார் 22 லட்சம் பேர் இந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். தொழிற்பயிற்சியையும் சேர்த்தால் 78 லட்சம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் என்ஜினியர் ஆனது இப்படித்தான். ஒரு அரசு தன் ஜனங்களுக்காகச் செலவழித்த பணத்தில் இவ்வளவு பலன் தந்தது வேறு ஏதாவது உண்டா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. என் வாசிப்பில் மிகச் சிலவே தென்படுகின்றன.

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்கள். 1947-ல் லெவிட் என்ற கட்டுமானக் குடும்பம் அங்கே வேலையைத் தொடங்கியது. வில்லியம் லெவிட் போரின்போது கடற்படையின் கட்டுமானப் பிரிவில் இருந்தவர். ஒரு வீடு கட்டுவதை 27 படிகளாகப் பிரித்தார். கார் ஆலையில் கார் நகரும், ஆள் நிற்பார். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். லாரி வரிசையாக வந்து ஒவ்வொரு மனையிலும் ஒரே அளவுக் கட்டு மரம், குழாய், ஓடு என்று போட்டுக்கொண்டே போகும். தரை போடும் குழு ஒரு வீட்டை முடித்து அடுத்ததுக்குப் போகும். சுவருக்கான மரச்சட்டம் நிறுத்துபவர்கள் பின்னாலேயே வருவார்கள். வெள்ளைப் பெயிண்ட் அடிப்பவர் வெள்ளை மட்டுமே அடிப்பார். வேலை சூடு பிடித்தபோது ஒரு நாளைக்கு 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன. இதில் சங்கத் தொழிலாளர்களை லெவிட் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கக் கூலி வாங்கியவர்கள் வாங்கிய வீட்டைச் சங்கம் இல்லாதவர்கள் கட்டினார்கள்.

அடியில் நிலவறை தோண்டாமல், கான்கிரீட் தளம் போட்டு, அதற்குள்ளேயே வெந்நீர்க் குழாய்களைப் பதித்து வீட்டைச் சூடாக்கினார்கள். நிலவறை இல்லாமல் கட்ட உள்ளூர் கட்டட விதி இடம் கொடுக்கவில்லை. விதியை மாற்றும் கூட்டத்துக்கு முன்னாள் படைவீரர்கள் குடும்பத்தோடு வந்து மண்டபத்தை நிரப்பினார்கள், விதி மாறியது.

முதல் வீடுகள் வெறும் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, மேலே முடிக்கப்படாத பரண், பணம் வரும்போது அதை அறையாக்கிக்கொள்ளலாம். மனை 60-க்கு 100 அடி, நம் கணக்கில் பதினாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 1949 மாதிரியின் விலை 7,990 டாலர். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டோடு சேர்த்தி. படைவீரருக்கு முன்பணம் இல்லை, மாதத் தவணை 58 டாலர். 1950-ல் ஆலைத் தொழிலாளியின் சராசரி வாரக் கூலியும் சுமார் 58 டாலர்தான். மாஸ்கோவில் நிக்சன் சொன்ன அதே கணக்கு, பத்து வருடத்துக்கு முன்பே உருளைக்கிழங்கு வயலில் நடைமுறையில் இருந்தது. 1949 மார்ச்சில் ஒரே நாளில் 1,400-க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1951-க்குள் அங்கே 17,447 வீடுகள் எழுந்துவிட்டன, ஊருக்கு லெவிட்டவுன் என்று பெயர். நாடு முழுக்கப் பார்த்தால் 1940-ல் 44 சதவீதக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. 1960-ல் 62 சதவீதம்.

வீடு வந்தால் மற்றதும் வரும். கடைக்கும் வேலைக்கும் கார் இல்லாமல் போக முடியாது. 1955-ல் மட்டும் 79 லட்சம் கார்கள் தயாராயின. பெரும்பகுதி தவணையில் விற்றவை. 1950-ல் நூற்றுக்கு 9 வீட்டில் இருந்த டிவி 1960-ல் 87 வீட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளும் அப்படித்தான், 1957-ல் பிறந்தவர்கள் 43 லட்சம், அதுதான் உச்சம். பள்ளிக்கூடங்கள் இடம் போதாமல் இரண்டு ஷிப்டு நடத்தின.

"மனைவி வேலைக்குப் போகாமலே" என்ற பகுதிக்கு வருகிறேன். போர்க்காலத்தில் கார் ஆலைகளில் நாலில் ஒருவர் பெண். விமானத்துக்குத் தறையாணி அடித்தவர்களும் டாங்கிக்குப் பற்றவைத்தவர்களும் அவர்கள். போர் முடிந்த சில மாதங்களில் அந்த விகிதம் பத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. திரும்பி வந்த ஆண்களுக்கு இடம் விட வேண்டும் என்றார்கள். தொடர்ந்து வேலை வேண்டும் என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள், கேட்பார் இல்லை. 1956-ல் ஒரு பெண்ணின் சராசரித் திருமண வயது 20-ஐ ஒட்டி இருந்தது. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து கணவருடையது, பென்ஷன் கணவருடையது, பகலில் கார் கணவரிடம். உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவில் மூன்று பிள்ளைகளோடு பகல் முழுவதும் தனியாக இருந்த பெண்ணின் உழைப்பு அந்த "ஒற்றைச் சம்பள"க் கணக்கில் எங்கும் ஏறவில்லை. அதோடு, ஒற்றைச் சம்பளம் என்பதே எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. 1960-க்குள் திருமணமான பெண்களில் சுமார் 30 சதவீதம் பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். டைப்பிஸ்ட்டாக, கடையில் விற்பனையாளராக, ஆஸ்பத்திரியில் உதவியாளராக அவர்கள் சம்பாதித்தது பல வீடுகளில் கார்த் தவணையாகவும் பிள்ளையின் காலேஜ் கட்டணமாகவும் போனது.

சரி, இனி மூடியிருந்த கதவுகள். லெவிட்டவுனின் ஆரம்பகால ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாத எவரையும் அந்த வீட்டில் குடியிருக்க அனுமதிக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர் மட்டும் விதிவிலக்கு என்று அச்சிட்டே இருந்தது. லெவிட் ஒருவரின் மனக்கோணல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கடன்களைக் காப்பீடு செய்த அரசு நிர்வாகமே, கறுப்பின மக்கள் கலந்து வாழும் பகுதிகளை ஆபத்தான முதலீடு என்று மதிப்பிட்டு ஒதுக்கியது. பத்திரங்களில் இனத்தடை எழுதச் சொல்லி ஊக்குவித்தது. 1948-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்த பிறகும் விற்பனை அப்படியே நடந்தது. 1960-ல் லாங் ஐலண்ட் லெவிட்டவுனில் சுமார் 82,000 பேர் குடியிருந்தார்கள், அவர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தில் ஜி.ஐ. சட்டத்தின் கீழ் ஜாமீன் கொடுக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. சட்டத்தில் தோலின் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடனைக் கொடுப்பது உள்ளூர் வங்கி, கல்லூரியில் சேர்ப்பது உள்ளூர் கல்லூரி என்று விட்டுவிட்டார்கள், அது போதுமானதாக இருந்தது.

லெவிட் பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது ஊரில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி குடிவந்தார்கள். வில்லியம் போரில் பணியாற்றியவர். டெய்ஸி பட்டதாரி. சின்னக் குழந்தைகள். புதிதாகக் கட்டிய வீட்டை லெவிட் அவர்களுக்கு விற்கமாட்டார் என்பதால், ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு வெள்ளைக் குடும்பத்திடமிருந்து வாங்கினார்கள். வந்த அன்றே வாசலில் கூட்டம் கூடியது. இரவில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்று கூச்சல் போட்டார்கள், கல் பறந்து வந்து முன்பக்கக் கண்ணாடியை உடைத்தது. மாநிலப் போலீஸ் வந்து நிற்க வேண்டியிருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் வாரக்கணக்கில் தொல்லை தொடர்ந்தது, ஆதரவாக நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களின் சுவரிலும் வெறுப்பு எழுத்துகள் விழுந்தன. மையர்ஸ் குடும்பம் அசையவில்லை. கல் எறிந்தவர்களும் அதே போரிலிருந்து திரும்பியவர்கள், அதே சட்டத்தில் வீடு வாங்கியவர்கள் என்பதுதான் படிக்கும்போதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்கிறது.

தென் மாநிலங்களில் இதே காலத்தில் வேறொன்று நடந்தது. 1944-ல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் பக்கத்தில் பஞ்சு பறிக்கும் இயந்திரத்தை வயலில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு இயந்திரம் ஐம்பது பேர் வேலையைச் செய்தது. கையால் பறித்தால் ஒரு பொதிக்குச் சுமார் 40 டாலர் ஆன செலவு இயந்திரத்தில் 5 டாலர் சொச்சம். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கும் உழுத கறுப்பினக் குடும்பங்களுக்கு ஊரில் வேலை இல்லாமல் போனது. 1940-லிருந்து 1970 வரை சுமார் 50 லட்சம் பேர் தெற்கை விட்டு வெளியேறினார்கள். சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலைகள் நகரத்தை விட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தன. ஆலையை எங்கே கட்டுவது என்ற அந்த உரிமை நிர்வாகத்திடம் இருந்தது அல்லவா? 1947-க்கும் 1963-க்கும் இடையில் டெட்ராய்ட் நகரம் 1,34,000 ஆலை வேலைகளை இழந்தது. ஜப்பானியக் கார்கள் வருவதற்கு வெகு முன்பு, பொற்காலம் என்று சொல்லப்படும் நாட்களிலேயே நடந்தது இது. 1956 நெடுஞ்சாலைச் சட்டப்படி 41,000 மைல் சாலைக்கான செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே கொடுத்தது. அந்த மாதிரி விரைவுச் சாலை ஒன்றுக்காக டெட்ராய்ட்டில் கறுப்பினக் கடைத்தெருவான ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்தே போட்டார்கள்.

(வயலில் இயந்திரமும் உரமும் வந்ததால் குவிந்த உபரித் தானியத்தை என்ன செய்வது என்பது அன்றைய அமெரிக்க அரசுக்கு ஒரு தலைவலி. அந்த உபரியை வெளிநாடுகளுக்கு அனுப்ப வந்த பி.எல். 480 சட்டத்தின் கீழ் 1956-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. ரேஷன் கடைக்குக் கோதுமை வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளி மதிய உணவுக்கு 1961-லிருந்து கேர் என்ற அமெரிக்க உதவி அமைப்பு மூலம் வந்த பால் பவுடரும் அந்த உபரிதான்.)

1959-ல், நிக்சன் அந்த வீட்டைக் காட்டிய வருடத்தில், அரசு வறுமைக் கணக்குப்படி நூற்றுக்கு 22 அமெரிக்கர்கள் ஏழைகள். கறுப்பினத்தவரில் பாதிக்கு மேல். அந்தக் காலத்து வீடுதான் பிறகு சொத்தானது. அதை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தார்கள், விற்று அடுத்த வீடு வாங்கினார்கள், மீதியை விட்டுச் சென்றார்கள். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர், அதே மாதிரி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து சுமார் 45,000. இந்த வித்தியாசத்தின் ஒரு பெரிய பகுதி அந்த 58 டாலர் தவணையில் தொடங்கியது.

இன்று ஏன் முடியவில்லை என்பதற்கு வருவோம். 1970-களின் தொடக்கம் வரை தொழிலாளியின் உற்பத்தித் திறனும் அவர் கூலியும் சேர்ந்தே ஏறின. பிறகு திறன் ஏறிக்கொண்டே போனது, கூலி பின்தங்கியது. சங்கத்தில் இருப்பவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். வீட்டு விலை கூலியைவிட வேகமாக ஏறியது. பல புறநகர்களில் 750 சதுர அடி வீட்டைச் சின்ன மனையில் கட்ட எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் இன்றைய மண்டல விதிகளே அனுமதிப்பதில்லை. லாங் ஐலண்டில் மண்டபத்தை நிரப்பி விதியை மாற்றவைத்தவர்கள் வீடு இல்லாதவர்கள். இப்போது அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள், புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று சொல்ல வருகிறார்கள்.

முதல் விரிசல் எங்கே விழுந்தது என்று கேட்டால், மாஸ்கோவில் நிக்சன் சொன்ன அந்த வேலைநிறுத்தத்தையே காட்டுவேன். அது 116 நாள் நீடித்தது. சங்கம் கூலி உயர்வோடு திரும்பியது. ஆனால் அந்த நாட்களில் உருக்கு கிடைக்காமல் தவித்த அமெரிக்கக் கம்பெனிகள் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வாங்கிப் பார்த்தன. விலை குறைவு, தரமும் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டில் முதல் தடவையாக அந்த வருடம்தான் அமெரிக்கா ஏற்றுமதி செய்ததைவிட அதிக உருக்கை இறக்குமதி செய்தது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் வாங்கியவர்களில் பலர் வாங்குவதை நிறுத்தவில்லை.